கரையாத கல்மாவு

மேஸ்திரி அந்தக் கண்ணாடி டம்ளரை வாயில் கவிழ்த்துக்கொண்டதை நான் இன்றும் மறக்கவில்லை. ஆவடிக்கு மேற்கே ஒரு புல் பண்ணையில் நான் குமாஸ்தா, அவர் வேலையாட்களுக்கு மேஸ்திரி. வெள்ளைக்காரன் போய்விடுவான் என்று எங்கள் பக்கத்தில் யாரும் நம்பாத காலம். மேய்ச்சல் நிலத்துக்கு எந்த உரம் போடுவது என்று பேச்சு வந்தது. ஒன்று, திருச்சிப் பக்கத்துப் பாஸ்பேட் பாறையை அரைத்த கல்மாவு, மலிவு. மற்றது, தண்ணீரில் கரையும் சூப்பர் பாஸ்பேட். நாலு புத்தகம் படித்த திமிரில் நான் கல்மாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கி எஜமானின் மேஜைமேல் வைத்தேன். அது அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. "நம் மண்ணில் இது கரைய மாமாங்கம் ஆகும்" என்று பேருரையைத் தொடங்கினேன். மேஸ்திரி டம்ளரை எடுத்தார், விரலை விட்டுக் கலக்கினார், வண்டலோடு குடித்தார். "எங்கங்க கீது? கரைஞ்சி பூட்சி" என்று மீசையைத் துடைத்துக்கொண்டார். எஜமான் சிரித்தார். அத்தோடு என் விஞ்ஞானம் அடக்கம். கல்மாவு மில் மேஸ்திரியின் மச்சானுடையது என்பது எஜமானைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

ஆளுக்கொரு துண்டு நிலத்தில் போட்டு ஒரு மழை பார்ப்போம் என்றார் எஜமான். சூப்பர் போட்ட துண்டு சீராகத் தழைத்தது. கல்மாவுத் துண்டு சோகை பிடித்து நிற்க, மேஸ்திரி ராத்திரிகளில் பண்ணை மாடுகளை அதில் அடைத்துக் கிடை கட்டினார். சாணமும் மூத்திரமும் இறங்கி, புல் கருகருவென்று முழங்கால் உயரம் வந்தது. மாடு கட்டத் தெரிந்த மனிதருக்கு மாட்டின் மூக்கு மறந்துவிட்டது.

எஜமான் பார்வையிட வந்த அன்று, அங்கே மேய்ச்சல் குத்தகை எடுத்துப் பிழைத்த பாரிவாக்கத்துப் பால்காரம்மாவும் எருமைகளை ஓட்டி வந்தாள். சாணம் விழுந்த இடத்துப் புல்லை மாடு லேசில் தொடாது. எருமைகள் கருத்த புல்லை முகர்ந்தன, சீறின, பக்கத்துத் துண்டுக்குப் போய்விட்டன.

"இன்னா அண்ணாத்தே, மூஞ்சத் திருப்பிக்கினு போவுது?" என்றாள் மேஸ்திரியிடம்.

"எருமைக்கு இன்னா தெரியும்? பச்சையா கீதா இல்லியா, அத்தச் சொல்லு."

"அப்ப நீயே மேஞ்சிக்கோ. மாவத்தான் குடிச்சிட்டியாமே."

எஜமான் பச்சையைத்தான் பார்த்தார். கிடை கட்டியதைச் சொன்னால் மறுபடி சிரிப்பாரென்று நான் கணக்கு நோட்டைப் புரட்டினேன். பண்ணை முழுக்கக் கல்மாவு இறங்கியது. அத்தனை நிலத்தில் கிடை கட்ட மாடு ஏது? அடுத்த மழைக்கும் புல் எழும்பவில்லை. பால்காரம்மா எருமைகளை ஒவ்வொன்றாகச் சந்தைக்கு ஓட்டினாள். கடைசி எருமையை ஓட்டிப்போன அன்று பண்ணை வாசலில் காறித் துப்பிவிட்டுப் போனாள். நான் ஜன்னலுக்கு இந்தப்பக்கம், அதே டம்ளரில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

இன்றும் காப்பியின் கடைசி மடக்கு எனக்கு இறங்குவதில்லை. "சர்க்கரை கரையலியா?" என்பாள் மனைவி, மிச்சத்தைப் பார்த்து. கரைந்துவிட்டது என்கிறேன், மேஸ்திரி மாதிரியே.