பூட்டுக்கு அடியில் மாட்டிய மாமா பெயர்

லேசர் பிரிண்டரிலிருந்து சூடாகச் சுருண்டு வரும், அச்சுக்குப் போகிற எண்ணெய்த்தாள் மாதிரியான பட்டர் ஷீட்டின் வாசனை உங்களில் யாருக்காவது நினைவிருக்கிறதா? இஸ்திரி போட்ட துணியும் கருகிய காகிதமும் கலந்த மாதிரி...

2001. டிகிரி முடித்த கையோடு, கம்பம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டிடிபி சென்டரில் சேர்ந்திருந்தேன். உள்ளாட்சித் தேர்தல் சமயம். எந்நேரமும் நோட்டீஸ்தான்.

சுருளிப்பட்டியிலிருந்து செல்வி அக்கா வந்தார். வார்டு மெம்பருக்கு நிற்கிறார். பூட்டு சாவி சின்னம்.

"மேல பெருசா ஒரு பூட்டு போட்டா பத்தாது பாப்பா. ஓட்டு கேக்குற வரி இருக்குல்ல, அங்கனயே எழுத்துக்கு நடுவுல ஒண்ணு வரணும். படிக்கத் தெரியாதவுகளும் பாக்கணும்ல."

ஸ்கேன் செய்த படத்தைச் சின்னதாக்கி, வரிக்கு நடுவே பத்து ஸ்பேஸ் விட்டு, மவுஸால் தள்ளித் தள்ளி அதில் உட்கார வைத்தேன். எனக்கே பெருமை.

ப்ரூஃப் பார்த்துவிட்டுக் கிளம்பியவர் வாசலிலிருந்து திரும்பினார். "ஏத்தா, எங்க மாமா பேரு விட்டுப்போச்சே! அவுக தெருவுல முப்பது வீடு, அவுக சொன்னாத்தேன் ஓட்டு. கடைசியிலயாவது சேத்துவிடு."

ஓட்டு கேட்கும் வரிக்கு மேலேதான் சொந்தக்காரர்கள் பட்டியல். அதன் கடைசியில் எண்டர் தட்டி மாமா பெயரை அடித்தேன். திரும்பப் பார்க்காமலே பிரிண்ட். ஆஃப்செட் அச்சகத்துக்கும் போய்விட்டது.

மறுநாள் காலை அக்கா நோட்டீஸ் கட்டோடு வந்து நின்றார்.

பெயர் சேர்த்ததும் எழுத்து ஒரு வரி கீழே இறங்கியிருக்கிறது. பூட்டு மட்டும் இருந்த இடத்திலேயே... சரியாக மாமா பெயர் மேலே! கீழே ஓட்டு கேட்கும் வரியில் வெறும் இடைவெளி.

"'எம்பேரு தெரியக் கூடாதுன்னா எதுக்குப் போட்டீக'ன்னு மாமா கேட்டாக பாப்பா. மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்குறாக."

ஓட்டுப்பதிவுக்கு மூன்றே நாள். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

பூட்டை கட் செய்து, கர்சரை எழுத்துகளுக்கு நடுவே வைத்து பேஸ்ட் செய்து பார்த்தேன். உயரம் மேல் வரியில் இடித்தது, எழுத்தளவுக்குச் சுருக்கினேன். பிறகு மேலே ஒரு எண்டர். பூட்டும் வரியோடு இறங்கியது... இன்னோர் எழுத்து மாதிரி! நம்பிக்கை வராமல் பத்துத் தடவையாவது தட்டியிருப்பேன்.

புது நோட்டீஸோடு அக்காவும் நானும் சுருளிப்பட்டி பஸ் ஏறினோம். மாமா கண்ணாடியை மாட்டி, தன் பெயரை விரலால் தடவினார்.

"இனிமே மேல வந்து உக்காராதுல்ல?"

"உக்காராதுங்கய்யா."

"அப்ப நூறு குடு, தெருவுக்கு நானே குடுத்துக்கிறேன். பழசையும் வச்சிட்டுப் போங்க. பேரப் பயலுக கப்பல் விடுவாங்கெ."

அக்கா ஜெயித்துவிட்டார். எங்கள் சென்டருக்கு ஒரு கூடை பன்னீர் திராட்சை வந்தது. மேலே மூடியிருந்தது என் பழைய நோட்டீஸ்தான்!

இப்போது போனில் ஒரு தட்டு தட்டினால் வார்த்தைக்கு நடுவே சிரிக்கிற முகம் தானாக வந்து உட்கார்கிறது. எங்கே எழுத்து நகர்ந்தாலும் கூடவே போகிறது. மகளின் மிஸ்ஸுக்கு, "நைட்டெல்லாம் காய்ச்சல், இன்னிக்கு லீவ்" என்று அனுப்பும்போது நானும் ஒரு கும்பிடு சேர்க்கிறேன்.

ஆனால் அனுப்பும் முன்னே மேலே ஒரு எண்டர் தட்டி, கும்பிடும் கூட இறங்குகிறதா என்று பார்த்துவிடுவேன்...

இன்னமும்.