ஹவுளில் வெளுத்த குஞ்சுகள்

மீன் குஞ்சு விற்பவனுக்கு எதிரிகள் இரண்டு பேர்: ஒன்று மின்வெட்டு, மற்றது வீட்டுக்குப் போன பிறகு மீனை உற்றுப் பார்க்கும் வாடிக்கையாளர். கல்முனையில் ஆறு வருடமாகக் கடை நடத்துகிறேன். இதே தொழிலில் இருந்து கொண்டு இதை வாசிப்பவர்கள், அவமானப்பட்டது தாங்கள் மட்டுமில்லை என்று ஆறுதல் கொள்ளலாம்.

சாயம்

என் கடைத் தொட்டிகள் எல்லாம் உள்ளே கறுப்புப் பெயின்ட் அடித்தவை. அதில் கிடக்கும் திலாப்பியாக் குஞ்சுகளும் கறுத்து, மினுங்கிக்கொண்டு திரியும். பாலமுனையிலிருந்து வந்த, அக்கா வயதுள்ள ராத்தா ஒருவர் இருபது குஞ்சு வாங்கிப் போய், மூன்றாம் நாள் அவற்றைப் பையோடு திருப்பிக் கொண்டுவந்தார். எல்லாம் வடித்த கஞ்சி நிறம். வீட்டில் வெள்ளை பேசினில் விட்டிருக்கிறார்.

பறவைகளின் கண்ணில் படாமல் தப்புவதற்காக, இருக்கும் இடத்துக்கேற்ப இந்தக் குஞ்சுகள் தோலின் நிறத்தை மாற்றிக்கொள்ளும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டு முடித்தார். பிறகு சொன்னார்: "தம்பி, நான் சாறி வாங்கினாலும் ஒருக்காத் தோய்ச்சிப் பாத்துட்டுத்தான் கதைக்கிற. நீங்க மீனுக்குச் சாயம் போட்டிரிக்கீங்க."

இரண்டு வாளி

பேர் கெட்டால் கடையைப் பூட்ட வேண்டியதுதான். சாயக்காரன் என்ற கதை சந்தை முழுக்கப் பரவ முன், கடை வாசலில் ஒரு வெள்ளை வாளியும் ஒரு கறுப்பு வாளியும் வைத்து, ஒரே தொட்டிக் குஞ்சுகளைப் பாதி பாதியாக விட்டேன். என்னை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர் வேலையை விட்டுவிட்டுக் காவல் இருந்தார்.

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது வெள்ளை வாளியில் இருந்தவை வெளுத்திருந்தன. மற்றவை கறுப்பாகவே இருந்தன. வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். சைக்கிள் கடைக்காரர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இப்பதான் விளங்குது காக்கா. ஒங்கட கறுப்பு வாளிதான் சாயம் விடுது."

ஹவுள்

அந்த நேரம் பார்த்து எங்கள் பள்ளிவாசலில், தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவி ஒளுச் செய்யும் தண்ணீர்த் தொட்டியான ஹவுளில் நுளம்புக் குடம்பிப் புழுக்களைத் தின்ன நாற்பது குஞ்சு கேட்டார்கள். சந்தோசத்தில் சும்மாவே கொடுத்தேன். ஹவுளுக்குப் புதிதாக வெள்ளை டைல்ஸ் பதித்திருந்தது என் புத்தியில் ஏறவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போனால், ஹவுளைச் சுற்றிச் சனம். குஞ்சுகள் வெளுத்துப் போயிருந்தன. தண்ணீரின் நிறமோ மணமோ ருசியோ கெட்டால் ஒளு கூடாது என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். "அப்ப இவ்வளவு நாளும் சாயத் தண்ணியிலயா ஒளுச் செய்த?" என்று பள்ளி நிர்வாகத்தைப் பார்க்கும் மரைக்கார் கேட்டார். ஊராரின் தொழுகையைக் கெடுத்தவன் என்று முடிவானால், கடையை மட்டுமில்லை, ஊரையும் விட்டுத்தான் போக வேண்டும்.

மௌலவி வந்தார். ஒரு கை தண்ணீர் அள்ளி வெளிச்சத்தில் பார்த்தார், மோந்தார், வாயில் விட்டுக் கொப்பளித்தார். பிறகு அங்கேயே உட்கார்ந்து, எல்லாருக்கும் முன்னால் ஒளுச் செய்து முடித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்ல வெட்கமில்லை. எழும்பும்போது அவர் சொன்னார்: "தண்ணிட நிறம் மாறினாத்தான் சட்டம் இரிக்கி மரைக்கார். மீன்ட நிறம் மாறினதுக்கு மார்க்கக் கிதாபுல ஒண்டும் இல்ல."

இப்போதெல்லாம் குஞ்சு கேட்டு வருபவரிடம் வீட்டுத் தொட்டி என்ன நிறம், தரை என்ன நிறம், சுவர் என்ன நிறம் என்று நான் துருவித் துருவிக் கேட்பதைப் பார்த்தால், மாப்பிள்ளை வீட்டார்கூட இவ்வளவு விசாரிப்பதில்லை என்று தோன்றும்.