கீழ் மெட்டு

இரண்டாவது அடியில் குரல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. முதலில் ஆண்கள் வரிசை, பிறகு பின்பக்கத்துப் பெண்கள். செலீனா வாச்சர் ஆர்கனின் மிதியை மிதித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் பாடிக்கொண்டிருந்தது போதகர் ஹோல்வே ஒருவர்தான். அவர் வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, அவருக்குத் தெரியாது. அப்போதுதான் அவள் தன் விரல்கள் வாசிப்பதைக் கேட்டாள்.

கீழ் மெட்டு.

பாட்டு ஒன்றுதான். கரை சேர்வதைப் பற்றியது, நாலடியாக நான்கு சரணம். புத்தகத்தில் அதற்கு ஒரே பக்கத்தில் இரண்டு மெட்டு அச்சிட்டிருக்கும். மேலே இருப்பது இங்கிலாந்தில் யாரோ ஒருவர் போட்டது. அவர் பெயர் தாளின் மூலையில் உண்டு, யாரும் படித்ததில்லை. படகுகள் வெளியே இருக்கும் ஞாயிறுகளில் அதைப் பாடுவார்கள். கீழே இருப்பது ஈலம் பார்டியுடையது. பக்கத்து விரிகுடாவில் பள்ளி நடத்தியவர். மூன்று தம்பிகளும் ஒரே படகோடு மூழ்கிய வாரத்தில் அதை எழுதினார். அதை அடக்கத்துக்கு மட்டும்தான் எடுப்பார்கள். துணி அலசும்போதுகூட ஒரு பெண் அதை முணுமுணுக்க மாட்டாள். படகில் யாராவது சீட்டியடித்தால் அவனை அடுத்த கரையில் இறக்கிவிடுவார்கள். இரண்டும் ஒரே சுரத்தில் தொடங்கும், முதல் அடி முழுக்க ஒன்றுபோலவே போகும்.

புதிய புத்தகங்கள் வியாழனன்றுதான் செயின்ட் ஜான்ஸ் நகரத்திலிருந்து கப்பலில் வந்தன. பழையவற்றைப் போதகர் கட்டி அனுப்பிவிட்டார். புதியதில் மேல் மெட்டும் கீழ் மெட்டும் இடம் மாறியிருந்ததை யாரும் பார்க்கவில்லை.

வேறொருத்தியாக இருந்தால் காதால் பிடித்திருப்பாள். செலீனாவுக்கு அந்தக் காது இல்லை. கலங்கரை விளக்கக் காவலரின் மகள். பத்தொன்பது வயதில் அசரியாவைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தபோது ஒரு போதகரின் மனைவி இரண்டு குளிர்காலம் அவளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தாள், தாளைப் பார்த்து மட்டும். முப்பத்தொரு வருஷமாக அப்படித்தான். "விளக்கு அணைஞ்சா என் பொண்டாட்டிக்குக் காது கேக்காது" என்று அசரியா கடையில் சொல்லிச் சிரிப்பான். இரண்டு மகள்கள் பாஸ்டனில் வீட்டுவேலைக்குப் போய்விட்டார்கள். அவளுக்கென்று அங்கே இருந்தது அசரியாவும் அந்த ஆர்கனும்.

அசரியா புதன்கிழமை போனான். படகில் அவனோடு நான்கு பேர், ஊர்க்கார டார்கஸின் கணவன் ரூபனும் சேர்த்து. வெள்ளிக்கிழமை திரும்பியிருக்க வேண்டும். வெள்ளியன்று காலையில் வடகிழக்குக் காற்று கிளம்பி சனி முழுவதும் கூரைகளைப் பிடுங்கியது. செலீனா இரண்டு இரவு கண்ணை மூடவில்லை. ஞாயிறு காலை போதகர் பாட்டின் எண்ணைச் சொன்னதும் பக்கத்தின் மேல்பாதியைப் பார்த்து வாசிக்கத் தொடங்கினாள், எப்போதும்போல.

டார்கஸ் எழுந்து நின்றாள். கத்தவில்லை.

"நிறுத்து அத்தை. உசிரோட இருக்கிறவங்களப் புதைக்காத."

ஆண்கள் வரிசையிலிருந்து ஈலை மாமா தலையை ஆட்டினார். அவர் இரண்டு படகு உடைந்தும் பிழைத்தவர்.

"அறுக்காத பொண்ணே. எடுத்தத அறுத்தா அங்க கடல்ல கயிறு அறும்."

அதுவும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எடுத்த மெட்டை நடுவில் விடக் கூடாது. செலீனாவின் கால் ஓயவில்லை. காற்று நின்றால் ஆர்கன் முனகிச் சாகும், அந்தச் சத்தத்தை அவளால் நினைக்கவே முடியவில்லை. மூன்றாம் அடி வந்தது. அவள் கண்களை ஒரு விரற்கடை கீழே இறக்கினாள். இரண்டுக்கும் ஒரே அளவு, ஒரே அசை. கை நழுவுவதுபோல மூன்றாம் அடியில் இங்கிலாந்துக்காரரின் மெட்டுக்குள் போனாள். பிறகு ஈலை மாமாவின் அடிக்குரல் சேர்ந்தது, மற்றவர்களும் சேர்ந்தார்கள். மிச்சச் சரணங்களை முழுக்க அந்த மெட்டிலேயே முடித்தார்கள்.

வெளியே வந்தவர்கள் அவளிடம் பேசவில்லை, தங்களுக்குள் பேசினார்கள். முடிந்த மெட்டா, அறுந்த மெட்டா என்று ஒரு கூட்டம். முதல் சரணத்தில் இரண்டடிதான் என்றாள் ஒருத்தி. நாலடியில் இரண்டு என்றால் பாதி, படகில் நாலு பேர் என்றாள் இன்னொருத்தி. அதற்குமேல் யாரும் கணக்குப் போடாமல் கலைந்தார்கள்.

மதியம் போதகர் வீட்டுக்கு வந்தார். புத்தகத்தைத் தான் பார்த்திருக்க வேண்டும் என்று வருந்தினார். மெட்டு வெறும் மெட்டுதான், அதற்குக் கடலில் வேலையில்லை என்றார்.

"கடலுக்குப் போயிருக்கீங்களா ஐயா?" என்று கேட்டாள்.

"கப்பல்ல வந்தேன், அம்மா. வழி பூரா வாந்தி."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவருக்குத் தேநீரில் வெல்லப்பாகு ஊற்றிக் கொடுத்தாள். அவர் ஜெபம் செய்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு அவளும் முழந்தாளிட்டாள். பாதி போகத்தான் வேண்டுமென்றால் அது அசரியா இல்லாத பாதியாக இருக்கட்டும். வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் ஜெபம் அப்படித்தான் வந்தது. அந்தப் பாதி மற்ற மூவரில்தான் என்று அவளுக்குத் தெரியும். மூன்று பெயர்களும் தெரியும், அந்த வீடுகளில் என்ன சமையல் என்றுகூடத் தெரியும். சட்டென்று எழுந்து நின்றாள், யாரோ பின்னாலிருந்து கேட்டுவிட்டதைப்போல. திரும்பிப் பார்க்கவும் செய்தாள். அடுப்பு மட்டும் இருந்தது. மறுபடி முழந்தாளிட்டு வேறு மாதிரி ஜெபிக்கப் பார்த்தாள். சொற்கள் வந்தன. முதலில் சொன்னதைத் திரும்ப வாங்க வழி தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் படகு வந்தது. முன்பக்கத்துப் பாய் இல்லை. மூன்று பேர் இருந்தார்கள். அசரியாவின் வலது கை கட்டுப்போட்டிருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் பாயை இறக்கும்போது பாய்மரத்துக் குறுக்குக்கட்டை ரூபனை அடித்துத் தள்ளியது என்றான். ஒருதடவை தலை தெரிந்தது, அப்புறம் தெரியவில்லை. சனிக்கிழமையா என்று செலீனா இரண்டு தடவை கேட்டாள். சனிக்கிழமைதான் என்றான். மெட்டும் ஜெபமும் ஞாயிற்றுக்கிழமை. உப்பு மீனும் ரொட்டியும் தின்றுவிட்டுத் தூங்கப் போனான்.

போதகர் டார்கஸின் வீட்டுக்குப் போய்வந்தார். ரூபனுக்கான ஆராதனை செவ்வாய் மூன்று மணிக்கு. செலீனா அத்தையே வாசிக்கட்டும், நாலு சரணமும் கீழ் மெட்டில் என்று டார்கஸ் சொன்னதாகச் சொன்னார். செலீனா சரி என்றாள்.

மதியம் மழை பிடித்தது. மற்ற இருவரும் மீனை இறக்கி உப்புப் போட்டார்கள். ரூபனின் பங்கை அவன் கொட்டகையில் தனியாக அடுக்கினார்கள். செலீனா அவர்களுக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். டார்கஸ் வீட்டு ஜன்னல்களில் திரை இறக்கியிருந்தது. மழை ஆறு மணிக்கு விட்டது.