வேனில் படித்தவள் எழுதிய பரீட்சை

பன்னிரண்டு வயது வரை என் மகளுக்குப் பள்ளிக்கூடம் என்பது எங்கள் பழைய வேன்தான். கணவருக்கு ஊர் ஊராகப் போய் சோலார் பம்பு மாட்டும் வேலை. மூன்று மாதம் ஓர் ஊர், ஆறு மாதம் இன்னோர் ஊர். காலையில் லேப்டாப்பில் ஆன்லைன் வகுப்பு. சிக்னல் போய்விட்டால் நான் டீச்சர். அவர் வண்டி ஓட்ட, நான் முன்சீட்டிலிருந்து திரும்பிக் கேள்வி கேட்பேன். அவள் பின்னாலிருந்து கத்துவாள். அந்த இன்ஜின் சத்தத்துக்குக் கத்தித்தான் ஆக வேண்டும். முதலில் தோன்றுவதைச் சொல்லிவிடுவாள், பிறகு அவளே திருத்திக்கொள்வாள். தப்பாகச் சொன்னால் நான் திட்டுவதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

"புள்ளையக் கெடுக்குறீங்க" என்று சொந்தக்காரர்கள் சொன்னால் சண்டைக்குப் போவேன். உள்ளுக்குள் எனக்கும் அதே பயம்தான்.

இந்த வருடம் புதுக்கோட்டையிலேயே தங்குவது என்று முடிவாகி, திருக்கோகர்ணத்தில் வீடு பிடித்தோம். பக்கத்துப் பள்ளியில் எட்டாம் வகுப்பு கேட்டோம். "டெஸ்ட் வைப்போம். தேறலைன்னா ஆறாப்புதாங்க" என்றார் தலைமையாசிரியை. இரண்டு வருடம் பின்னால் போகும். என் பிடிவாதத்துக்கு அவள் தண்டனை அனுபவிப்பாள்.

சேர்க்கை கேட்டு வந்த மற்ற பிள்ளைகளோடு அவளையும் உட்கார வைத்தார்கள். பரீட்சை தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. வாசலில் நின்ற என் காதில், "தொள்ளாயிரத்து அறுபத்தி ரெண்டு!" என்று என் மகளின் குரல் கணீரென்று விழுந்தது. ஆன்லைன் டெஸ்ட்டில் மைக்கை அணைத்துவிட்டு இப்படித்தான் கத்துவாள். பின்னம் சொல்லிக்கொடுத்தேன், சித்தன்னவாசலுக்குக் கூட்டிப்போய் ஓவியம் காட்டினேன். பரீட்சையில் வாயைத் திறக்கக் கூடாது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தேன், மண்டு.

டீச்சர் அவளை வெளியே கூட்டிவந்து வராந்தாவில் தனியாக உட்கார்ந்து எழுத வைத்தார். அவள் என்னைப் பார்த்தாள், கண் நிறைந்திருந்தது. பக்கத்தில் போக என்னை விடவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து எங்களை உள்ளே கூப்பிட்டார்கள்.

"இவ கத்துன வெடைய நாலு பேரு அப்படியே எழுதியிருக்காங்க. சொல்லிக் குடுத்தான்னு டீச்சர் சொல்றாங்க" என்றார் தலைமையாசிரியை. என் மகளின் விடைத்தாளை என் பக்கம் திருப்பினார். "ஆனா இங்கிட்டுப் பாருங்க."

இருபத்தேழு பெருக்கல் முப்பத்தாறு. 962 என்று எழுதி, அதை அடித்துவிட்டு, 972 என்று திருத்தியிருந்தாள். கத்தியது தப்பு, எழுதியது சரி.

"சொல்லிக் குடுக்குறவ தப்பையா சொல்லிக் குடுப்பா?" என்று அவரே சிரித்துவிட்டார். "நல்லாத்தான் எழுதியிருக்கா. எட்டாப்புல சேத்துக்கிறோம். வாய்க்கு மட்டும் ஒரு பூட்டு போடச் சொல்லுங்க."

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது.

வேனில் ஏறியதும் அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த அமைதி எனக்குத் தாங்கவில்லை.

"பதினேழு பெருக்கல் பதினெட்டு?"

"சத்தமாவா?"

"சத்தமாச் சொல்லுத்தா. இது நம்ம வேனு."

"எரநூத்தித் தொண்ணூத்தாறு!"

தப்பு. வண்டி ஓட்டிய கணவர் ஹாரனை அடித்துச் சிரித்தார். நான் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். எங்கள் தெரு திரும்புவதற்குள் அவளே திருத்திக் கத்தினாள்.