கூப்பிட்டால்தான் போகலாம்

எங்கள் அலுவலகம் உப்பளம் என்ற பகுதியில் ஒரு வீட்டின் மாடி. கடற்படையிலிருந்து ஓய்வு பெற்று வந்த என்னை ஒரு தொழில்நுட்பக் கூட்டமைப்புக்குத் தலைவராக உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். கல்லூரிக்காரர், பட்டறைக்காரர், மீனவர் எல்லோரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்து, புதுக் கருவிகள் செய்ய வைப்பது வேலை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். கத்திக் கத்தியே உட்கார வைத்தேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் என் அதிகாரம் செல்லாது. பக்கத்து அறையில், இங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள் கூடிச் சாப்பிடுவார்கள். கனகசெட்டிக்குளத்திலிருந்து வரும் பொறியாளன் வீட்டு மீன் குழம்பைத் திறந்தால் வாசனை என் அறை வரைக்கும் வரும். "டேய், எனக்கொரு துண்டு வைடா!" என்று ஒரே கூச்சல். நான் தயிர்சாதத்தோடு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மனைவி போன பிறகு வீட்டிலும் இதே தயிர்சாதம்தான், சுவர்தான் வேறு.

எழுந்து போய் உட்கார வேண்டியதுதானே என்பீர்கள். கப்பலில் ஒரு வழக்கம் உண்டு. அதிகாரிகள் சேர்ந்து சாப்பிடும் அறைக்குள் கேப்டன் தானாக நுழையக் கூடாது. அவர்கள் கூப்பிட்டால்தான் போகலாம். அவர் இல்லாத இடத்தில்தானே அவரைத் திட்ட முடியும்! நானும் ஆசை தீரத் திட்டியிருக்கிறேன். பிறகு நானே கேப்டனானேன். மறக்காமல் கூப்பிட்டார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? தெரியாதவர்கள் கூப்பிடுவார்கள் என்று காத்துக் கிடந்தேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

பெருநாளுக்கு மறுநாள், மென்பொருள் எழுதும் பெண் ஒரு டப்பாவில் பிரியாணியோடு என் அறைக்கு வந்தாள். இன்றைக்குக் கூப்பிட்டுவிடுவாள் என்று நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கூட விட்டேன்.

"சார், அம்மா உங்களுக்குன்னு குடுத்து வுட்டாங்க. உங்களுக்குத் தனியா சாப்புடறதுதான் புடிக்கும்னு சொல்லியிருக்கேன். நாங்க யாரும் தொந்தரவு பண்ண மாட்டோம்."

மரியாதையாகக் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்புறம் கோபம் வந்தது. வழக்கமாவது மண்ணாங்கட்டியாவது! டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து அறைக் கதவைத் தட்டினேன்.

சிரிப்பு சட்டென்று நின்றது. எல்லோரும் எழுந்துவிட்டார்கள். என் கையிலிருந்த டப்பாவை ஒருவரும் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்தார்கள்.

"மீட்டிங்கா சார்? ரெண்டே நிமிஷம், காலி பண்ணிடறோம்" என்றான் பொறியாளன். அதற்குள் ஒருத்தி மேஜையைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

இல்லப்பா, உங்களோட சாப்பிட வந்தேன் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். புயலில் கப்பலைத் திருப்பிக் கொண்டு வந்தவனுக்கு அது வாயில் வரவில்லை.

"ஆமாம், மீட்டிங்" என்றேன்.

பாதிச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். மீன்பிடிப் படகுகளில் பொருத்தும் எச்சரிக்கைக் கருவியைப் பற்றி, எல்லோருக்கும் தெரிந்ததையே திரும்பப் பேசினேன். டப்பா என் மடியில் இருந்தது. சூடு ஆறிக்கொண்டே வந்தது. நிறுத்தினால் எழுந்து போய்விடுவார்களே என்று எதையாவது கேட்டுக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் எழுந்து போனார்கள். அந்தப் பெண் மட்டும் நின்றாள்.

"பிரியாணி எப்படி இருந்துச்சு சார்? அம்மா கேப்பாங்க."

"ரொம்ப நல்லா இருந்துச்சும்மா."

முகமெல்லாம் சிரிப்பாகக் கையை நீட்டினாள். "டப்பாவ குடுங்க சார், கழுவி எடுத்துக்கறேன்."

"வேணாம்மா" என்றேன், இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு. "நானே கழுவித் தர்றேன்."