மாலை நேரம் அண்ணிக்கு

1. சேலத்தில் கம்ப்யூட்டர் படிப்பை முடித்துவிட்டு எங்கள் மலை ஊருக்குத் திரும்பினேன்.
2. வாடகைக்கு ஒரு சர்வர் எடுத்து, சுவர்களில் போர்வை தொங்கவிட்டு, எங்கள் வீட்டு அறையிலிருந்து இணைய வானொலி தொடங்கினேன்.
3. காலை நிகழ்ச்சியை நானே எழுதி நானே படித்தேன். மாலை ஒரு மணி நேரத்துக்கு ஆள் இல்லாததால், மலையின் இன்னொரு பகுதியான வளப்பூர் நாட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வாழ வந்த அண்ணியைப் பேச வைத்தேன்.
4. அதன்பிறகு பஸ்ஸில் பார்க்கிறவர்கள் எல்லாம் அண்ணியைத்தான் விசாரித்தார்கள்.

நான்காவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அண்ணி எதையும் எழுதி வைத்துக்கொள்வதில்லை. எந்த பஸ் எந்த வளைவில் நின்றுபோனது, யார் ஆடு யார் மரவள்ளியை மேய்ந்தது என்று வாய்க்கு வந்ததைப் பேசுவார். ஒரு நாள் நடுவிலேயே, "இருங்க, குக்கர் கத்துது, அணைச்சிட்டு வாரேன்" என்று எழுந்து போய்விட்டார். வானொலி சும்மா ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் மளிகைக்கடைக்காரர் என்னிடம், "நேத்து உங்க ஊட்ல என்னங்க கொழம்பு?" என்றார். மூன்று நாள் உழைத்து நான் எழுதிய காலை நிகழ்ச்சியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எனக்கிருந்த ஒரே ஆறுதல், எத்தனை போன்களில் வானொலி ஓடுகிறது என்று திரையில் தெரியும் எண். காலையில் இருபதைத் தொடும். மாலையில் மூன்று, நான்கு. அதை அண்ணியிடம் காட்டி, மாலை நேரத்தையும் நானே எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

"அட, இவ்வளவு பேருதானா? எடுத்துக்க கண்ணு. மொளகுக் களத்துல மட்டும் ஒரு வார்த்த சொல்லிப்போடு, பாவம், காத்திருப்பாங்க."

அன்று மாலை அண்ணி பேசிக்கொண்டிருந்தபோதே களத்துக்குப் போனேன். எவர்சில்வர் குண்டாவுக்குள் ஒரு போனை வைத்திருந்தார்கள், சத்தம் பெரிதாகக் கேட்பதற்காக. சுற்றிலும் பத்துப் பதினைந்து பெண்கள் மிளகு உதிர்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே சிக்னல் கிடைப்பது அந்த ஒரு போனுக்குத்தான். என் திரையில் அத்தனை பேரும் சேர்ந்து ஒன்று. காலையில் கேட்பவர்களோ கீழேயிருந்து வேலைக்கு வந்திருக்கும் அலுவலகத்தார், ஆளுக்கொரு போன்.

அண்ணி ஏதோ சொல்ல, களமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"ஏனுங்க, காலைல ஒருத்தர் படிக்கறாங்களே, அது நீங்களா?" என்றார் ஒரு பெண்.

"ஆமாங்க."

"நல்லாத்தான் இருக்குது சாமி. பள்ளிக்கூடத்துல உக்காந்தாப்ல."

இன்னொருவர், "காலைலயும் உங்க அண்ணியையே பேசச் சொல்லுங்களேன், உங்களுக்கும் வேல மிச்சம்" என்றார். மறுபடியும் சிரிப்பு.

சொல்ல வந்ததைச் சொல்லாமல் திரும்பினேன்.

இப்போது மாலை நேரம் அண்ணியிடமே இருக்கிறது. காலை நேரம் என்னிடம். களத்தில் அவர்கள் கேட்டதை நான் அண்ணியிடம் இன்னும் சொல்லவில்லை.