சிரட்டையில் துப்பியவர்

ஜப்பான்காரன் காலத்தில் பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குக்கு தினமும் என்னைச் சம்பான் படகில் ஏற்றிவந்தவர், வெற்றிலைச் சாற்றைக்கூடக் கடலில் துப்பமாட்டார். அதற்கென்று காலடியில் ஒரு தேங்காய்ச் சிரட்டை வைத்திருப்பார்.

ஒருநாள், துறையில் நின்ற ஜப்பான் சிப்பாய் ஒருவன் மீனுக்காகக் கடலில் குண்டு வீசினான். பொடிக்குஞ்சுகள்வரை சம்பானைச் சுற்றி வயிற்றைக் காட்டி மிதந்தன. வீட்டில் மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குதான். நான் கையை நீட்டினேன்.

"வேணாம் தம்பி. இன்னிக்கு எடுத்தா, நாளைக்கும் எப்ப வீசுவான்னு பார்த்துக்கிட்டு இருப்போம்."

"பிள்ளைங்க பசியில கிடக்குதுங்க, அண்ணே."

அவர் துடுப்புப் போட்டார். அவர் முகம் திரும்பிய நேரம் பார்த்து இரண்டு மீனைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். அவருக்குத் தெரிந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாளும் வழக்கம்போல் என்னை ஏற்றிக்கொண்டார், சிரட்டையில் துப்பினார். துறை நெருங்க நெருங்க என் கண் அந்தச் சிப்பாயைத்தான் தேடியது.